போட்டோவில் உள்ளபடி ஒரு மாவுக்கடை

கோணங்குளத்தில் வேலையில்லாதவர்கள் மூன்று பேர்: தவசி, சடையன், வெயில்முத்து. அவர்கள் மூளைக்கும் வேலை கிடையாது என்று ஊரே சொல்லும், நானும் மறுக்கவில்லை.

தவசியின் மனைவி செல்லத்தாயி, "ஒரு கடையாவது வச்சிட்டுக் கூப்பிடும், வாரேன்" என்று தாய்வீட்டுக்குப் போய் எட்டு மாதம். அந்தச் சமயம்தான் சுயதொழில் மானியத்தில் மூவருக்கும் சேர்த்து ஒரு பெரிய கிரைண்டர் கிடைத்தது. இட்லி மாவு அரைக்கும் கடை. திறந்த அன்றே போட்டோ எடுத்துக் கோப்பில் ஒட்டிய கிளார்க், "ஆபீசர் ஆய்வுக்கு வருவார். போட்டோவுல இருக்கிறபடியே கடை இருக்கணும். இல்லேன்னா கிரைண்டர் திரும்பிப் போயிரும்" என்று சொல்லிவிட்டான்.

கிரைண்டர் போனால் செல்லத்தாயி வரமாட்டாள்.

போட்டோவில் கிரைண்டர் காலி. ஆகவே ஊறவைத்த அரிசியோடு வந்த பெண்களை எல்லாம் திருப்பி அனுப்பினார்கள். சடையன் போட்டோவில் கொட்டாவி விட்டிருந்தான். தினமும் காலையிலிருந்து வாயைத் திறந்தபடி நின்றான். தவசி கண்ணை மூடியிருந்தான். மூடியபடியே கடை நடத்தினான். போட்டோவின் ஓரத்தில் ஒரு கறுப்பு ஆட்டின் பின்பாதி வேறு விழுந்திருந்தது.

"முன்பாதியை என்னடா பண்றது?" என்றான் வெயில்முத்து.

"அது கோப்புல இல்லையே. அரசாங்கம் கேக்காததை நாம ஏன் காட்டணும்?" என்றான் தவசி.

வெகுநேரம் விவாதித்து, சுவரில் ஓட்டை போட்டு, ஆட்டின் தலையைப் பக்கத்து வீட்டுக்குள் நுழைத்தார்கள். அது அங்கே காய்ந்த வடகத்தைத் தின்று சுகமாக இருந்தது.

ஆபீசர் தன் டிரைவரோடு வந்தார். கிரைண்டர் ஓடுமா என்று கேட்டார். நன்றாக ஓடும், ஒருநாளும் ஓடவிட்டதில்லை என்றான் வெயில்முத்து பெருமையாக. ஆபீசர் அப்படியே நாற்காலியில் சாய்ந்தார்.

கடை வைத்த சேதி கேட்டு அதே நேரம் செல்லத்தாயியும் வந்து சேர்ந்தாள். கால் சத்தம் கேட்ட தவசி, கண்ணைத் திறக்காமலே, "அரிசியாம்மா? இங்கே அரைக்கிறதில்லை" என்றான்.

அவள், ஊறவைத்த அரிசியோடு வாசலில் நின்ற ஒரு பெண்ணின் வாளியைப் பிடுங்கி அரிசியைக் கிரைண்டரில் கொட்டினாள், சுவிட்சைப் போட்டாள், விளக்குமாற்றை ஓங்கினாள். தவசியின் கண் தானாகத் திறந்தது.

"இந்தக் கூத்தை ஒரு போட்டோ எடுப்பா. பழசைக் கிழிச்சிட்டு இதை ஒட்டு" என்று டிரைவரிடம் சொன்ன ஆபீசர், அவன் செல்போனில் எடுத்து முடித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

மூவரும் புதுப் போட்டோவை எட்டிப் பார்த்தார்கள். தவசியின் முகம் மலர்ந்தது. "செல்லத்தாயி, நீயும் இதுல இருக்க. இனி தாய்வீடு கிடையாது. விளக்குமாத்தை மட்டும் இறக்கிராத."

பிறகு ஆபீசரின் தோளைப் பணிவாக அழுத்தி உட்காரவைத்தான். "சார், நாற்காலியில சாய்ஞ்சபடி நீங்களும் இதுல இருக்கீங்க. அடுத்த ஆய்வுக்கு யார் வருவா?"

"நான்தான்யா வரணும்."

"அப்போ நீங்க வர்ற வரைக்கும் இங்கேயே இருங்க சார்."