பட்டங்களுக்கு இடமில்லாத பாட்டு

மாறனூர் அரசவையில் கொற்றன் என்று ஒருவர் இருந்தார். வெறும் கொற்றன் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அந்த அவையில் சொல்ல முடியாது. 'கானக்கடல், ராகச்சிங்கம், தாளத்திலகம், கீதப்பேரரசு கொற்றனார்' என்று முழுதாகச் சொல்ல வேண்டும். மன்னர் வீரகேதுவை நச்சரித்து, அதை அரசாணையாகவே வாங்கி வைத்திருந்தார். ஒரு பட்டத்தை விட்டுவிட்டாலும், சொன்னவர் அவையை விட்டு வெளியேற வேண்டும்.

இத்தனை பட்டம் சுமந்தவர் அதுவரை கட்டியது ஒரே ஒரு பாட்டு. மன்னரின் பிறந்தநாளுக்குக் கட்டியது. அதில் முக்கால்வாசி கொற்றனாரின் பட்டங்கள்தான். மன்னர் பெயர் வருவதற்குள் மன்னரே தூங்கிப்போனார்.

அவையின் விகடகவி சாத்தையனுக்கு இந்த மனிதரைக் கண்டாலே வாய் கோணும். "கானக்கடலாம்! கால் நனைக்கக்கூடத் தண்ணீர் இல்லை" என்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லிச் சிரிப்பான்.

ஒரு நாள் கொற்றனார் அவைக்குள் புயல்போல் நுழைந்தார். அவருக்குப் பின்னால் தம்பூராவை அணைத்தபடி பாடகி வஞ்சி வந்தாள்.

"அரசே, இவள் திருடி! முருகன் விழாவுக்காக மோகன ராகத்தில் நான் கட்டிய பாட்டைத் தன்னுடையது என்கிறாள்!"

"இல்லை அரசே, அது நான் கட்டியது" என்றாள் வஞ்சி.

மன்னருக்கு எரிச்சல். "உங்களில் ஒருவர் பொய் சொல்கிறார். யார் என்று தெரியட்டும். அவர் இனி என் நாட்டில் வாய் திறந்து பாடக்கூடாது!"

வஞ்சி தம்பூராவை இன்னும் இறுக அணைத்துக்கொண்டாள். பாட்டைத் தவிர அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது. வேறு ஆசையும் கிடையாது. சாத்தையன் அவளைப் பார்த்தான். பிறகு, மீசையை முறுக்கிக்கொண்டு நின்ற கொற்றனாரைப் பார்த்தான்.

"சரணத்தில் என் முத்திரை இருக்கிறது அரசே. வேறென்ன சாட்சி வேண்டும்?" என்றார் கொற்றனார்.

"சரணமா? முத்திரையா? எனக்குப் புரியும்படி யாராவது சொல்லுங்களேன்" என்றார் மன்னர்.

சாத்தையன் முன்னால் வந்தான். "பாட்டின் தொடக்கம் பல்லவி, அரசே. அதுதான் திரும்பத் திரும்ப வரும். அதையடுத்து அனுபல்லவி, கொஞ்சம் மேலே ஏறிப் பாடுவது. கடைசியில் சரணம், சொல்ல வந்ததை விரித்துச் சொல்வது. பாட்டைக் கட்டியவர் சரணத்தில் தம் பெயரை வைப்பதுண்டு. அதுதான் முத்திரை."

"சரி, இருவரும் அந்த வரியைப் பாடுங்கள்" என்றார் மன்னர்.

"நீங்களே தாளம் போடுங்கள் அரசே. இது ஆதி தாளம். ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை. பிறகு தட்டித் திருப்புங்கள், இன்னொரு முறை தட்டித் திருப்புங்கள். எட்டு ஆயிற்றா? வரி அதற்குள் முடிய வேண்டும்" என்றான் சாத்தையன்.

மன்னர் தொடையில் தட்டத் தொடங்கினார். அவையின் மிருதங்கக்காரரும் சேர்ந்து வாசித்தார். வஞ்சி பாடினாள்:

"வஞ்சி சொல்லைக் கேளாய் முருகா..."

எட்டாவது எண்ணிக்கையில் வரி அழகாக வந்து அமர்ந்தது. அடுத்துக் கொற்றனார் பாடினார்:

"கொற்றன் சொல்லைக் கேளாய் முருகா..."

அதுவும் எட்டில் முடிந்தது. மன்னர் குழம்பினார். "இரண்டு பெயரும் பொருந்துகிறதே!"

"அரசே! பெருங்குற்றம் நடந்துவிட்டது!" என்று அலறினான் சாத்தையன்.

"என்ன குற்றம்?"

"பட்டங்களை விட்டுவிட்டு வெறும் 'கொற்றன்' என்று ஒருவர் இந்த அவையில் பாடிவிட்டார். கேட்ட என் காது கூசுகிறது! வெளியே அனுப்பிவிடலாமா?"

கொற்றனார் திகைத்தார். "அது... என் பெயர்தானே?"

"ஆணையில் அப்படி ஒரு விலக்கு இல்லையே ஐயா. கேட்டு வாங்கியவர் நீங்கள்தானே?"

"ஆணை ஆணைதான். பட்டங்களோடு பாடும்!" என்றார் மன்னர்.

கொற்றனார் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். "கானக்கடல் ராகச்சிங்கம் தாளத்திலகம்..." மன்னரின் கை எட்டைத் தாண்டி மறுபடியும் முதல் தட்டுக்கு வந்துவிட்டது. கொற்றனார் அவசர அவசரமாக ஓடினார். மூச்சு வாங்கியது. ராகச்சிங்கம் மோகனத்தை வழியில் எங்கோ தொலைத்துவிட்டது. மிருதங்கக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அரசே, வரி முடிய வேண்டிய இடம் போய்விட்டது. பெயர்தான் இன்னும் வந்து சேரவில்லை" என்றான் சாத்தையன்.

"பட்டங்கள் அடங்காது என்றுதானே விட்டேன்! எல்லாம் அடக்கம்!" என்று கத்தினார் கொற்றனார்.

அவை முழுவதும் கொல்லென்று சிரித்தது.

"அடக்கமா?" என்றான் சாத்தையன். "மன்னர் பிறந்தநாள் பாட்டில் மன்னருக்கே இடம் விடாதவர் நீங்கள். சொந்தமாகக் கட்டிய பாட்டில் உங்களுக்கு இரண்டே எண்ணிக்கை இடம் விட்டீர்களா? வஞ்சியின் அளவுக்குத் தைத்த ரவிக்கையை மாட்டிக்கொண்டு வந்து, 'என்னுடையது' என்கிறீர்களே ஐயா! முதுகுப் பக்கம் கிழிந்து தொங்குகிறது, பாருங்கள்."

கொற்றனார் தம்மையறியாமல் முதுகைத் தடவிப் பார்த்தார். பிறகு தலை தொங்கியது. "நந்தவனத்தில் இவள் பாடிப் பழகுவதை ஒளிந்திருந்து கேட்டேன்" என்று முனகினார்.

"இனி நீர் பாடக்கூடாது" என்றார் மன்னர். "வஞ்சி, விழாவில் உன் பாட்டு உன் முத்திரையோடே ஒலிக்கும்." அவள் தம்பூராவின் தந்தியை மெல்ல மீட்டிக் கும்பிட்டாள். மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தையன் கழுத்தில் போட்டார். "இவருடைய பட்டங்களையும் பிடுங்கிவிடட்டுமா, சாத்தையா?"

"வேண்டாம் அரசே. எல்லாம் அவரிடமே இருக்கட்டும். யாருடைய பாட்டையாவது கேட்க வந்தால், முதலில் தம் பட்டங்களை எல்லாம் அவரே சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்று மட்டும் ஆணையிடுங்கள். அவர் சொல்லி முடிப்பதற்குள் கச்சேரியே முடிந்துவிடும்!"

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி மடியில் விழுந்தது.