பன்னிரண்டு பொன் குறைந்த மண்டபம்

மருதங்காடு என்றொரு நாடு. வெகுகாலத்துக்கு முன்பு அதைத் திடவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தான். திடமெல்லாம் பெயரில் மட்டும்தான். ஒரு நாழிகை சேர்ந்தாற்போல் உட்கார மாட்டான். இந்த ஆசனத்திலிருந்து அந்த ஆசனம், அங்கிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து மறுபடி ஆசனம். காலையில் பிடித்த சால்வை மதியம் பிடிக்காது. அவன் பின்னால் ஓடி ஓடியே மந்திரிகள் எல்லாரும் இளைத்துப் போயிருந்தார்கள். அரண்மனை மேற்பார்வை பார்த்த அனந்தராயர் ஒருவர்தான் கொழுத்திருந்தார். ஏனென்று போகப் போகத் தெரியும்.

அந்த ஊரில் அங்கம்மாள் என்று ஒருத்தி. கட்டி முடித்த சுவருக்குள் என்னென்ன வேலை செய்யவேண்டும், எத்தனை பலகை, எத்தனை ஆணி, எவ்வளவு ஆள்கூலி, மொத்தம் என்ன ஆகும் என்று வேலை தொடங்கும் முன்பே ஓலையில் எழுதித் தருவதுதான் அவள் தொழில். கையில் எப்போதும் ஒரு முழக்கோல் இருக்கும். அவள் ஓலை எழுதிய வேலையில் ஒரு ஆணியைக்கூடத் திருட முடியாது. அதனால் ராயருக்கு அவளைக் கண்டாலே வயிற்றெரிச்சல்.

ராஜா புது மண்டபம் ஒன்று கட்டினான். உள்ளே தேக்குக் கூரை, வெள்ளைத் திரை, தொங்குவிளக்கு வேண்டும் என்றான். அங்கம்மாளுக்கு ஆள் போனது.

சபையில் ராயர் எழுந்தார். "அரசே, இவள் எப்போதும் 'எதிர்பாராத செலவு' என்று பத்தில் ஒரு பங்கு கூடுதலாக எழுதுகிறாள். இத்தனை கெட்டிக்காரிக்கு அது எதற்கு? இந்த முறை அது இல்லாமல் எழுதட்டும். வேலை முடியும்போது ஒரு பொன் கூடினாலும் குறைந்தாலும் முழக்கோலை முறித்துப் போட்டு, குடும்பத்தோடு நாட்டைவிட்டு அனுப்பிவிடலாம்."

நடந்துகொண்டே கேட்ட ராஜாவுக்கு இது வேடிக்கையாகப் பட்டது. "நல்ல பந்தயம். என்ன சொல்கிறாய், அங்கம்மா?"

ராஜசபையில் மாட்டேன் என்று சொல்ல வழி ஏது? அங்கம்மாள் முழக்கோலைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். "ஒரு வாரம் தவணை குடுங்க, மகாராசா. எழுதின ஓலைய முத்திரை வச்சு உங்க பெட்டியிலேயே வச்சுக்கங்க. வேலை முடிஞ்ச பெறகு சபையிலதான் பிரிக்கணும்" என்றாள். ராயர் சிரித்தபடி தலையாட்டினார்.

இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் உட்காரத் தோன்றியது. ராஜாவின் வியாதி தனக்கும் ஒட்டிக்கொண்டதோ என்று பயந்தாள். மரத்தை அளக்கலாம், துணியை அளக்கலாம், இந்த மனிதரின் மனதை எதைக்கொண்டு அளப்பது? மூன்றாம் நாள், வழக்கம்போல விலை விசாரிக்கக் கடைத்தெருவுக்குப் போனாள்.

மரக்கடை மாதவன் செட்டியார் தேக்கு விலையைச் சொன்னார். "கருங்காலி என்ன விலைங்க?" என்று பேச்சுக்குக் கேட்டுவைத்தாள்.

"அதக் கேக்காதம்மா. இருந்த நூறு பலகையும் முந்தாநாள் ராயர் பேருக்குப் போயிருச்சு. அரண்மனைக்கு ஒண்ணரை மடங்கு விலைன்னு பேசி முடிச்சாச்சு. எனக்கு எடம் அடைச்சுக் கெடக்குறதுதான் மிச்சம்."

"அரண்மனையில தேக்குல்ல கேட்டாங்க?"

"அது எனக்கென்ன தெரியும்?"

அங்கம்மாள் அடுத்த கடைகளுக்கு விரைந்தாள். ஜவுளிக்கடையில் சிவப்புப் பட்டு நாற்பது முழம் ராயர் பெயரில் கிடந்தது. பாத்திரக்கடையில் பித்தளைப் பாவை விளக்கு பதினாறு. எண்ணிக்கையும் பேசிய விலையும் கேட்டு எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து ஓலையை முடித்தாள். பிறகு கடைசியாக ஒரு வரி சேர்க்கலாமா வேண்டாமா என்று தவித்தாள். அந்த வரி இல்லாமலே அவள் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த மாதம் இதே ராயர் இன்னொரு பந்தயத்தோடு வந்து நிற்பார். வருவது வரட்டும் என்று சேர்த்துவிட்டாள்.

வேலை தொடங்கியது. தேக்குக் கூரை ஏறிய மறுநாள் ராயர் ராஜாவின் பின்னாலேயே நடந்தபடி, "தேக்கு நன்றாகத்தான் இருக்கிறது. பக்கத்து நாட்டு ராஜாவின் மாட்டுக்கொட்டகையிலும் இதே தேக்குதானாம்" என்றார். "கழற்று. கருங்காலி போடு" என்றான் ராஜா. வெள்ளைத் திரை தொங்கியதும், துக்க வீடு போல இருக்கிறது என்று ராயர் பெருமூச்சு விட்டார். சிவப்புப் பட்டு வந்தது. அதேபோல் தொங்குவிளக்குகள் இறங்கின, பாவை விளக்குகள் வந்தன. ஏணியில் ஏறி இறங்கித் தச்சர்களுக்கு முழங்கால் தேய்ந்தது.

அங்கம்மாள் முழக்கோலைப் பிடித்தபடி ஒரு மூலையில் நின்றாள். ராஜாவுக்குத் தானாகவே ஒரு புது ஆசை முளைத்துவிட்டால் அவள் கதை முடிந்தது.

முளைக்கவில்லை. புது மண்டபத்திலேயே சபை கூடியது. ஆன செலவு தொள்ளாயிரத்து எண்பத்தெட்டுப் பொன் என்று கணக்கர் வாசித்தார். ராஜா முத்திரையை உடைத்து ஓலையின் அடியைப் பார்த்தான். "ஆயிரம்" என்றான்.

அறுநூறுக்கு மேல் எழுதியிருக்க மாட்டாள் என்று நம்பியிருந்த ராயர் ஒரு கணம் திகைத்தார். உடனே சுதாரித்துக்கொண்டு, "பன்னிரண்டு பொன் குறைகிறது, அரசே. பந்தயம் பந்தயம்தான். அந்தக் கோலை இப்படிக் கொடு, அம்மா" என்று கையை நீட்டினார்.

"மொத்தத்த மட்டும் பாக்காம வரி வரியா வாசிங்க, மகாராசா" என்றாள் அங்கம்மாள்.

ராஜா நடந்தபடியே வாசித்தான். "தேக்குக் கூரை போடுவது. அதைக் கழற்றுவது. கருங்காலிக் கூரை போடுவது. வெள்ளைத் திரை. அதை இறக்கிச் சிவப்புப் பட்டு..." அவன் நடை நின்றுவிட்டது. "இதெல்லாம் எனக்கே பிறகுதானே தோன்றியது? என் மனம் உனக்கு எப்படித் தெரிந்தது?"

"உங்க மனசு எனக்குத் தெரியாது, மகாராசா. கடைத்தெரு தெரியும். நீங்க ஆசைப்படுறதுக்கு முன்னாலயே அதெல்லாம் ராயர் பேருல, ஒண்ணரை மடங்கு விலை பேசிக் கெடந்துச்சு."

ராஜாவுக்குக் கோபத்துக்கு முன்னால் வெட்கம்தான் வந்தது. மாற்றச் சொன்ன ஒன்றுகூட அவன் சொந்த ஆசை இல்லை. விளக்கு வரிகளைத் தாண்டி, ஓலையின் கடைசி வரியைச் சத்தமாகப் படித்தான்.

"அரசருக்கு வலப்புறம் உள்ள ராயரின் ஆசனத்தைப் பெயர்த்து, வாசலில் செருப்பு விடும் இடத்தில் பொருத்துவது. ஆள்கூலி, ஆணி, பலகை உட்படப் பன்னிரண்டு பொன்."

"நடக்காத வேலையை எழுதியிருக்கிறாள்" என்று ராயர் பதறினார்.

"வேலை இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான்" என்றான் ராஜா. "தச்சரே, தொடங்குங்கள்."

ராயர் எழுந்திருக்கும் முன்பே முதல் ஆணி கழன்றது. அவர் தின்ற லாபமெல்லாம் அபராதமாகப் போனது. அங்கம்மாளின் முழக்கோலுக்கு ராஜா தங்கப்பூண் போட்டுக் கொடுத்தான். பிறகு ஆசனத்தில் உட்கார்ந்தவன் ஒரு நாழிகை முழுக்க எழுந்திருக்கவே இல்லை. சபையே அதிசயமாகப் பார்த்தது.

அப்புறம் மெல்லத் திரைப்பக்கம் திரும்பினான். "அங்கம்மா, உண்மையில் எனக்கு அந்த வெள்ளைத் திரைதான்..." என்று இழுத்தான்.

"மாத்திரலாம், மகாராசா. அதுக்குத் தனி ஓலை" என்றாள் அங்கம்மாள். "எதிர்பாராத செலவோட."