ஒரே ரத்தம்

மலையுச்சிச் சோலையில் இருந்த நீலச்சிட்டுகள் கீழே இறங்குவதே இல்லை. கீழே தேயிலைத் தோட்டம், வெயில், பருந்து. அதற்கு அப்பால் இன்னொரு மலை. அங்கேயும் நீலச்சிட்டுகள்தான். ஆனால் அவை பாட்டை ‘ட்சூ’ என்று முடிக்கும்; இவை ‘ட்சீ’ என்று முடிக்கும். அதனாலேயே அவை வேறு சாதி என்று இங்கே முடிவாகியிருந்தது.

கூட்டத்துக்குப் பெரியவர் கொண்டையன். தங்கை மகள் தூவி தன் மகனுக்குத்தான் என்று, அவள் முட்டைக்குள் இருந்தபோதே சொல்லி வைத்துவிட்டார். தூவிக்கு மனமில்லை. அவள் அக்காவும் முறைப்பையனைத்தான் கட்டினாள். வருடா வருடம் அடைகாத்தாள். ஒரு முட்டைகூடப் பொரியவில்லை. சோலையில் பல கூடுகள் அப்படித்தான் கிடந்தன.

ஒருநாள் செண்பகம் என்ற பறவை ஆய்வாளர் அங்கே வலை கட்டினார். சிக்கிய சிட்டுகளைப் பூப்போல எடுத்து, இறக்கையடியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட்டார்.

“பேரு மட்டும் செண்பகப் பறவையோட பேரு. பண்றது வேடன் வேலை” என்று முணுமுணுத்தார் கொண்டையன்.

மழைக்காலம் முடிந்ததும் செண்பகம் மறுபடி வந்தார். மரத்தடியில் உட்கார்ந்து உதவியாளரிடம், “இந்த மலையில எல்லாம் ஒரே ரத்தம்” என்றார்.

அவ்வளவுதான். கொண்டையன் பறந்துபோய்க் கூட்டத்தைக் கூட்டினார்.

“படிச்சவங்களே சொல்லிட்டாங்க, ஒரே ரத்தமாம்! கலப்பே இல்ல. அதுக்குத்தான் இந்த வளையம்!” என்று காலைத் தூக்கிக் காட்டினார்.

மீதியையும் கேட்டுவிட்டு வந்த தூவி சொன்னாள்: “முழுசாக் கேட்டுட்டுப் பறந்திருக்கலாம், மாமா. ஒரே ரத்தமா இருக்கு, அதான் முட்டை பொரியலைன்னாங்க. பக்கத்து மலையிலிருந்து யாராவது வந்தாத்தான் நாம பிழைப்போமாம்.”

“வாய் ரொம்ப நீளுதுடி உனக்கு.”

“அலகு, மாமா. உங்க குடும்ப அலகு.”

அந்த வாரமே ஒரு சூறைக்காற்று, பக்கத்து மலை இளஞ்சிட்டு ஒன்றைக் கொண்டுவந்து தள்ளியது. நனைந்து நடுங்கியபடி அது பாடியது. “ட்சூ.”

“யாரைடா சூ சூன்னு விரட்டுறே?” என்று பையன்கள் சிரித்தார்கள்.

தூவி அருகே போனாள். “பாட்டெல்லாம் சரி. முடிக்கத்தான் தெரியல.”

“உங்க ஊர்ல பாட்டோட முடிவைத் தவிர வேற எதையும் கேட்க மாட்டீங்களா?” என்றது அது.

தூவிக்குப் பிடித்துப்போயிற்று.

“அவனோட சேர்ந்தா இந்தச் சோலையில உனக்குக் கிளை இல்ல” என்றார் கொண்டையன்.

“ஓரத்துல ஒரு புதர் போதும், மாமா.”

அந்தப் புதரில் முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகளின் சத்தம் கேட்டு முதலில் அக்கா ஓடிவந்தாள், அலகில் புழுவோடு. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் கொண்டையன், சும்மா அந்தப் பக்கமாகப் போகிறவர்போல வந்து உட்கார்ந்தார். குஞ்சுக்குச் சாதியும் முறையும் தெரியுமா? அவரைப் பார்த்தும் வாயைப் பிளந்தது. பக்கத்தில் நெளிந்த புழுவை அவர் எடுத்து ஊட்டியேவிட்டார்.

“பாட்டை இது எப்படி முடிக்கப்போகுதோ” என்று முனகினார்.

“முதல்ல ஆரம்பிக்கட்டும், மாமா” என்றாள் தூவி.

பிறரைச் சேர்க்காமல் காக்கிற குலப்பெருமை, கடைசியில் தன் கூட்டையே காலியாக்கிவிடும்.