முள்ளம்பன்றி வெட்டிய குழி

குடியிருந்தவர்கள் எல்லோரும் காலி செய்துவிட்டுப் போன ஒரு காட்டில், ஒரு முள்ளம்பன்றி மட்டும் தங்கியிருந்தது.

காலி செய்ததற்குக் காரணம் ஒரு சிறுத்தை. அது அங்கே ஒரு குகைக்குக் குடிவந்த வருஷம் முயல்கள் ஏழு குட்டிகளைப் பறிகொடுத்தன. மிஞ்சியவற்றைக் கூட்டிக்கொண்டு பக்கத்து மலைக்குப் போய்விட்டன. பிறகு மான்கள் போயின. குரங்குகளும் போயின.

முள்ளம்பன்றிக்கு உடம்பெல்லாம் முள். அதனால் உயிருக்குப் பயமில்லை. பேச்சுத் துணைக்குத்தான் ஆளில்லை. சில நாள் தன் முட்களைத் தானே சிலுப்பி, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் பக்கத்து மலையிலிருந்து மைனா வந்தது. அதற்கு எப்போதும் அவசரம்.

"முயல்கள் கேட்டுவரச் சொன்னார்கள். சிறுத்தை இருக்கிறதா, தொலைந்ததா?"

"இருக்கிறது."

"அப்படியானால் வரமாட்டார்கள். நீ ஒரு குழி வெட்டேன். அடிவாரத்தில் மனிதர்கள் வெட்டுவதைப் பார்த்திருக்கிறேன்."

"நான் கிழங்குக்குத்தான் வெட்டியிருக்கிறேன்."

"கிழங்கைவிடச் சிறுத்தை கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அது நடக்கும் வழியில் வெட்டு. மண்ணைத் தூரத்தில் கொட்டு. மெல்லிய குச்சி பரப்பி, சருகு போட்டு மூடு. கூடவே வாயையும் மூடு. இரண்டு வாரம் கழித்து வருகிறேன்."

முள்ளம்பன்றி ஊற்றுக்குப் போகும் வழியில் நான்கு நாள் வெட்டியது. தான் ஏறி வருவதற்கு ஒரு வேரை விட்டு வைத்தது. ஏறி வந்ததும் அதையும் கடித்து அறுத்தது. திரும்பி வரும் முயல்களுக்கு எந்த வளையைக் கொடுப்பது என்றுகூட யோசித்து வைத்தது.

மூடி முடித்த அன்று மாலை, சிறுத்தை பாறை வழியாக இறங்கி வந்து வளை வாசலில் உட்கார்ந்தது.

"என்ன முள்ளண்ணே, சௌக்கியமா?"

முள்ளம்பன்றி முட்களை விறைத்தது.

"பயப்படாதீங்க. உங்களைத் தின்றால் ஒரு மாதம் நாக்கில் முள் எடுக்க வேண்டும். இந்தக் காட்டில் நம்மைத் தவிர யார் இருக்கிறார்கள்? சும்மா வந்தேன்."

"உன்னால்தான் யாரும் இல்லை."

"அதுவும் சரிதான். எலி தின்றே இளைத்துவிட்டேன். முயல்கள் எப்போது திரும்பி வருவதாக உத்தேசம்?"

முள்ளம்பன்றிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு.

மறுநாளும் சிறுத்தை வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. வெயிலைப் பற்றியும் ஊற்று வற்றுவதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு நாளும் சிறுத்தை பாறை வழியாகவே வந்து பாறை வழியாகவே போனது. முதல் நாள் முள்ளம்பன்றி அதற்காக வருத்தப்பட்டது. ஐந்தாம் நாள் வருத்தப்பட மறந்துவிட்டது.

ஆறாம் நாள் சிறுத்தை எழுந்து உடம்பை முறித்தது.

"தாகமாக இருக்கிறது. இன்றைக்கு ஊற்று வழியாகவே போகிறேன்."

நடந்தது. குழிக்குப் பத்தடிதான் இருந்தது. முள்ளம்பன்றி சும்மா இருந்தால் போதும், முயல்கள் வந்துவிடும். மான்கள்கூட வரலாம்.

"வருகிறேன் அண்ணே," என்றது சிறுத்தை, திரும்பாமலே.

"பார்த்துப் போங்க," என்றது முள்ளம்பன்றி.

யாரை வழியனுப்பினாலும் அது சொல்லும் வார்த்தை. முயலுக்குச் சொல்லியிருக்கிறது, மானுக்குச் சொல்லியிருக்கிறது. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சிறுத்தை நின்றது. அதனிடம் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. மற்றவர்கள்தான் அதற்குப் பயந்து பார்த்து நடப்பார்கள். என்ன இருக்கிறது என்று கீழே பார்த்தது. நாவல் மரத்தடியில் மூங்கில் சருகு கிடந்தது. ஒரு காலை நீட்டி அழுத்தியது. குச்சி முறிந்தது.

குழியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றது.

"நன்றாகத்தான் வெட்டியிருக்கிறீர்கள் அண்ணே," என்றது. அதன் குரலில் கோபம் இல்லை. பிறகு போய்விட்டது.

மறுநாள் மாலை முள்ளம்பன்றி வாசலில் காத்திருந்தது. சிறுத்தை வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. குகைப் பக்கமிருந்து உறுமல் மட்டும் கேட்டது.

அடுத்த நாள் மைனா வந்தது.

"சீக்கிரம் சொல்லு. முயல்கள் குட்டிகளோடு புறப்பட்டு நிற்கிறார்கள். விழுந்ததா?"

முள்ளம்பன்றி குழி இருந்த பக்கம் பார்த்தது.

"வர வேண்டாம் என்று சொல்," என்றது.

மைனா அதற்கு மேல் உட்காரவில்லை.

நீதி: யாருக்குக் குழி வெட்டுகிறாயோ, அவனோடு பழக்கம் வைத்துக்கொள்ளாதே.