சுறாவும் ஆமையும் ஒரே தொட்டியில்

முன்னொரு காலத்தில் கடலோர நாடு ஒன்றைச் செங்கடம்பன் என்ற மன்னன் ஆண்டு வந்தான். அவன் கொடியில் சுறா. அரசி பிறந்த நாட்டின் கொடியிலோ கடலாமை. இரண்டுக்கும் மரியாதை செய்வதாக நினைத்து, அரண்மனை முற்றத்துத் தொட்டியில் கடல்நீர் நிரப்பி, பெரிய ஆமை ஒன்றையும், விரித்த கம்பளம்போல் அடித்தரையில் படிந்து கிடக்கும் புள்ளிச் சுறா ஒன்றையும் வளர்த்தான்.

ஒருநாள் அரசியின் தந்தை விருந்துக்கு வந்திருந்தார். சிறு சொல் பொறுக்காதவர். கோபம் வந்தால் படை திரட்டிவிடுவார். அரசவை விகடகவி வெண்காடன்மேல் பொறாமையில் வெந்துகொண்டிருந்த அமைச்சர் குணபத்திரர், சமயம் பார்த்து மன்னன் காதில் ஏதோ ஓதினார். மன்னனுக்கும் விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது.

“வெண்காடா, சுறா, ஆமை இரண்டில் எது உயர்ந்தது? சமம் என்று மழுப்பக் கூடாது. தவறினால் உன் தலை தப்பாது.”

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். சுறா என்றால் போர் மூளும். ஆமை என்றால் சொந்தக் கொடியை இகழ்ந்த குற்றம். தொட்டியைப் பார்த்து விடை சொல்ல அனுமதி வேண்டும் என்று வெண்காடன் மன்னனிடம் கேட்டான்.

சபை முழுவதும் தொட்டியைச் சூழ்ந்தது. இரண்டு உயிர்களும் அடியில் அசையாமல் கிடந்தன. வெண்காடன் நீரையே உற்றுப் பார்த்தபடி நின்றான். நேரம் போயிற்று. காவலரை அழைக்கலாமா என்று குணபத்திரர் பணிவாகக் கேட்டார். மன்னன் தலையசைக்கப் போன வேளையில், ஆமை மூச்சு வாங்க மேலே வந்தது.

“மன்னா, இப்போது ஆமை உயர்ந்தது” என்றான் வெண்காடன்.

மன்னன் முகம் கறுத்தது. கை வாளுக்குப் போயிற்று. வெண்காடன் இரைக்கூடையிலிருந்து ஒரு கணவாய் மீனை எடுத்து நீர்மேல் பிடித்தான். ஆமை மூச்சை நிரப்பிக்கொண்டு கீழே இறங்கியது. சுறா மெல்ல அசைந்து, தரையை விட்டு எழும்பி, இரையைக் கவ்வியது.

“இப்போது சுறா உயர்ந்தது.”

இது வெறும் சொல் விளையாட்டு என்று குணபத்திரர் சீறினார்.

“எது சிறந்தது என்று மன்னர் கேட்கவில்லை. எது உயர்ந்தது என்றே கேட்டார். கண்ணால் கண்டதைச் சொன்னேன்” என்றான் வெண்காடன்.

முதலில் மாமனாரின் வயிறு குலுங்கியது. பிறகு மன்னனும் வாளை விட்டுவிட்டுச் சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி வெண்காடன் கழுத்தில் போட்டு, வேறென்ன வேண்டும் என்று கேட்டான். இரண்டையும் கடலில் விட்டுவிட வேண்டும் என்றான் வெண்காடன்.

“அப்படியே ஆகட்டும். அமைச்சரே, நீரே கொண்டுபோய் விடும். நானும் மாமாவும் உடன் வருகிறோம். எதை முதலில் விடுவது என்பதை நீரே முடிவு செய்யும்” என்றான் மன்னன்.

குணபத்திரருக்கு வியர்த்துக் கொட்டியது. மன்னன் விழுந்து விழுந்து சிரித்தான்.