பாதி காலியாயிருந்த டிஸ்க்

இது ஓர் ஆஸ்பத்திரியின் ஈமெயில் சர்வரைப் பற்றிய வழக்கு. விசாரணை முடிந்தது, தண்டனையும் கொடுத்தாகிவிட்டது. எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை. கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

தென்காசிப் பக்கத்து ஆஸ்பத்திரி அது, பெயர் வேண்டாம். வெளியூர் ஆய்வகங்களின் ரிப்போர்ட்டெல்லாம் ஈமெயிலில்தான் வரும். புது சர்வர் போடும்போது, வரும் கடிதங்களை எப்படிச் சேர்த்து வைப்பது என்று இரண்டு இன்ஜினீயர்களுக்குள் வாக்குவாதம். ஒவ்வொருவரின் ஈமெயில் பெட்டிக்கும் ஒரே ஃபைல் போதும், கடிதங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டே போகலாம் என்றார் இருதயராஜ். நடுவில் ஓரிடம் கெட்டால் மொத்தமும் போய்விடும், கடிதத்துக்கு ஒரு ஃபைல் என்று தனித்தனியாக வைப்போம் என்றாள் முத்தரசி. கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தாள். டிஸ்க்கில் எவ்வளவு இடம் என்பது வேறு, எத்தனை ஃபைல் வைக்கலாம் என்பது வேறு. அந்த ஃபைல் எண்ணிக்கையை டிஸ்க்கை ஃபார்மட் செய்து தயார் செய்யும்போதே கூட்டி வைக்க வேண்டும், பிறகு முடியாது என்றாள்.

நிர்வாக அதிகாரி சங்கரலிங்கம் முத்தரசியின் முறைக்குத் தலையாட்டினார். ஆனால் புது டிஸ்க் வாங்கவில்லை. ஸ்கேன் படங்கள் இருந்த பழைய டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தார். பெரிய பெரிய படங்களுக்காகத் தயார் செய்தது அது. அதிக ஃபைல்களைத் தாங்காது. அதைப் புதிதாகத் தயார் செய்ய வேண்டியவர் இருதயராஜ். திறப்பு விழாவுக்கு நேரமாகிறது, படங்களை மட்டும் அழித்துவிட்டு அப்படியே மாட்டு என்று சங்கரலிங்கம் விரட்டினார். இருதயராஜ் மாட்டினார். முத்தரசியிடம் வாய் திறக்கவில்லை. அவளும் நம்பி விட்டுவிட்டாள்.

ஒரு நாள் காலை, டிஸ்க் பாதி காலியாக இருக்கும்போதே ஃபைல் எண்ணிக்கை தீர்ந்துபோய், சர்வர் கடிதம் வாங்க மறுத்தது. வந்ததையெல்லாம் திருப்பி அனுப்பியது. பழைய குப்பைக் கடிதங்களை அழித்ததும் மதியத்துக்குள் சரியாகிவிட்டது. திரும்பிப் போனவற்றை மறுபடி அனுப்பச் சொல்லி ஆய்வகங்களுக்கு எழுதலாமா என்று முத்தரசி கேட்டாள்.

"நம்ம சர்வர் படுத்துட்டுன்னு நாமளே ஊருக்குத் தண்டோரா போடணுமாக்கும்? பேசாமப் போய் வேலையப் பாரும்மா," என்றார் சங்கரலிங்கம்.

அவள் போய்விட்டாள்.

அன்று திரும்பிப் போனவற்றில் ஒன்று பேச்சியம்மாளின் ரிப்போர்ட். பீடி சுற்றிப் பிழைப்பவர். கழுத்துக் கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். திரும்பிய கடிதம் ஆய்வகத்தில் யாரும் திறந்து பார்க்காத பெட்டியில் விழுந்தது. பேச்சியம்மாள் வாராவாரம் பஸ் ஏறி வந்தார். வாராவாரம் ஒரே பதில்: "ரிப்போர்ட் இன்னும் வரலம்மா." கடைசியில் மகள் ஆய்வகத்துக்கே போய் நகல் வாங்கி வந்தாள். அதற்குள் புற்றுநோய் நுரையீரல் வரை போயிருந்தது.

விசாரணை வைத்தார்கள். தலைமை யார் தெரியுமா? அதே சங்கரலிங்கம்! கடிதத்துக்கு ஒரு ஃபைல் என்ற முறையே தப்பு, அன்றைக்கே சொன்னேன் என்றார் இருதயராஜ். தயார் செய்யாத டிஸ்க்கை மாட்டியது இவர்தான் என்றாள் முத்தரசி. சங்கரலிங்கம் திரையில் காலியிடத்தைக் காட்டினார்.

"எடம் கெடக்குல்லா, நான் என்ன கொற வச்சேன்?"

முத்தரசியை வேலையை விட்டு நீக்கினார்கள். முறையைத் தேர்ந்தெடுத்தவள் ஒருத்தி, டிஸ்க்கை மாட்டியவர் ஒருவர், விரட்டியவர் ஒருவர். இவர்களில் பேச்சியம்மாளுக்குக் கேடு செய்தவர் யார்?

விடை: சங்கரலிங்கம். டிஸ்க் கோளாறு அரை நாளோடு தீர்ந்துவிட்டது. இருதயராஜ் வாய் மூடியிருந்ததும் தப்பு, முத்தரசி சரிபார்க்காததும், அவர் அதட்டியவுடன் அடங்கிப் போனதும் தப்பு. ஆனால் கடிதங்களை எந்த முறையில் வைத்திருந்தாலும், மறுபடி அனுப்புங்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் ரிப்போர்ட் உடனே வந்திருக்கும். தன் பேர் கெட்டுவிடும் என்று அந்த ஒரு வரியைத் தடுத்தவர் அவர். அதைப் பற்றி விசாரணையில் ஒரு கேள்விகூட எழவில்லை. என் ரிப்போர்ட் ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கக்கூடியவர் பேச்சியம்மாள்தான், அவரை யாரும் கூப்பிடவில்லை.