ராணி நட்ட ஆப்பிள் மரம்

மலையும் சமவெளியும் சேர்ந்த ஒரு நாட்டை முன்னொரு காலத்துல செங்கோடன்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டு இருந்தான். நினைச்சது நினைச்ச நேரத்துல நடக்கணும் அவனுக்கு. மலைக்கு வேட்டைக்குப் போனவன், காராயிங்கிற பொண்ணைக் கட்டிக் கீழே கூட்டிட்டு வந்தான். "ஒரு தடவை ஊருக்குப் போய்ட்டு வரேனே"ன்னு அவ கோடைக்குக் கோடை கேட்டா. "அரண்மனையில என்ன குறை?"ன்னு அவன் விடல. இளைச்சு இளைச்சுச் செத்தே போனா, பாவம்.

ராஜா சோறு தண்ணி இல்லாம கிடந்தான். காராயி சின்னப் பிள்ளையா இருந்தப்போ, ஒரு குதிரை வியாபாரி தின்னு போட்ட ஆப்பிள் விதையை மலையில நட்டிருந்தா. நாட்டுக்கே அது ஒரே மரம். "அதைத் தோண்டி அவ முற்றத்துல வைங்க"ன்னான் ராஜா.

மந்திரி திருமேனி, "குளிர்ல வளர்ந்தது மகாராஜா, இங்கே பிழைக்காது"ன்னார்.

மந்திரி பதவி மேல ரொம்ப நாளா கண் வச்சிருந்த அனந்தப்பர் சும்மா இருப்பாரா? "அரசர் நிழல்ல எது வாடும்? நான் தழைக்க வைக்கிறேன்."

"அப்போ முதல்ல ஒரு கன்னு வச்சுப் பார்ப்போம். அது பிழைச்சா மரத்தைத் தோண்டலாம்"ன்னார் மந்திரி. காட்டுச்செடித் தண்டுல ராணி மரத்துக் குச்சியைச் செருகி, ராணியோட சேலைத்துணியால கட்டி, அந்த ஒட்டுக்கன்னை முற்றத்துல வச்சார். காவலுக்கு அனந்தப்பர்.

கோடை முழுக்கக் கன்னு பச்சைப்பசேல்னு நின்னுது. ராஜா தினமும் அதோட பேசினான். "கடப்பாரையை எடுங்க"ன்னு அனந்தப்பர் மீசையை முறுக்கினார்.

"அந்தத் துணிக்கட்டை அவிழ்த்துப் பாருங்க மகாராஜா"ன்னார் மந்திரி.

அவிழ்த்தா, தண்டு வழுவழுன்னு இருக்கு.

"ஒட்டுப்போட்ட இடத்துத் தழும்பு சாகிற வரைக்கும் போகாது. இது விதையில தானா முளைச்ச வேற கன்னு"ன்னார் மந்திரி.

அனந்தப்பர் ராஜா கால்ல விழுந்தார். "வாட வாட, ராணி மரத்தடியில முளைச்சுக் கிடந்த வேற வேற கன்னா கொண்டுவந்து மாத்தினேன் மகாராஜா. துணியை மட்டும் எடுத்துக் கட்டினேன்."

"எத்தனை வாடிச்சு?"ன்னு கேட்டான் ராஜா.

"மூணு."

"நாலு"ன்னார் மந்திரி மெதுவா. "மலையிலிருந்து முதல்ல வந்து இந்த முற்றத்துல வாடினவங்களை விட்டுட்டீங்க."

மந்திரி தலை தப்பாதுன்னு சபையே நடுங்கிச்சு. ராஜா அந்தச் சேலைத்துணியை முகத்துல வச்சுக்கிட்டு அழுதான். "ஒரு தடவை போய்ட்டு வரேன்னுதானே கேட்டா, திருமேனி."

மரம் மலையிலேயே நின்னுது. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். அதுவரைக்கும் பல்லக்குலயே போய்ப் பழகின அனந்தப்பர், ராஜா போட்ட தண்டனைப்படி, ஒட்டுப்போட அந்த மரத்துக் குச்சிகளை மலையில வீடு வீடா சுமந்துபோய்க் கொடுத்தார். அந்த மலைத் தோப்பெல்லாம் அப்படி வந்ததுதான். கோடை பிறந்தா ராஜாவும் மலையேறுவான். காராயியைக் கூட்டிட்டுப் போயிருக்க வேண்டிய பாதையில தனியா நடந்து போவான்.